வண்டிக்கு எடுத்த வசனம்

அன்பு மகள் தமிழினிக்கு,

வெண்ணந்தூரிலிருந்து அப்பா ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான், உன் அம்மா, வாசலில் நிற்கிற முட்டை வண்டி மூவரும் சுகம். அங்கே நீயும் நீ ஏறுகிற ரயில்களும் ஒரு குறையும் இல்லாமல் ஓடவேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் திடீரென்று பேனாவைத் தூக்கினான் என்று நீ நினைப்பாய். ஒரு விஷயம் இருக்கிறது சாமி. மூன்று நாளாகப் போனில் சொல்லப் பார்க்கிறேன், நீ அப்பா என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, சிரிப்பு அடங்கினால் பயம் வந்துவிடுகிறது, இரண்டும் அடங்குவதற்குள் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. அதுவும் தவிர இந்தக் கவருக்குள் ஒரு பொருளை வைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. அதை இப்போது பிரிக்காதே. பிரித்துவிட்டிருந்தால் மடித்தபடியே திரும்ப உள்ளே வைத்துவிட்டுக் கடிதத்தைப் படி, உன் அப்பன் கட்டளை இது.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தறிக்குப் போகாதே என்றால் கேட்கிறாளா, கால் வலித்தால் என்ன கை நன்றாகத்தானே இருக்கிறது என்கிறாள். இருபது வருஷம் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிய பழக்கம், வீட்டில் உப்பு எடுத்துக் கொடு என்று சொன்னாலும் ராசிபுரம் வரைக்கும் உப்பு எடுத்துக் கொடுப்பார்கள். முருங்கை இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது, தெருவில் இருக்கிற எல்லோரும் நம்மைப் பார்த்தால் சாம்பார் வாசம் வருகிறது என்று ஓடுகிறார்கள். வண்டியைக் கேட்டால் வண்டி ராஜாவாட்டம் ஓடுகிறது. இருபத்தெட்டு வருஷம் ஊரான் வண்டியை ஓட்டியவன், ரிக் லாரியில் போய்ப் பாதி இந்தியாவுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டவன், ஐம்பத்தாறாவது வயதில் பழைய வண்டியே ஆனாலும் சொந்த வண்டியின் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறான் என்றால் அது சின்ன விஷயமா? வாரத்தில் இரண்டு நாள் பாலக்காட்டுக்கு லோடு, மற்ற நாள்களில் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் பேக்கரிகளுக்கு. ஒரே குறை, டீசல் குடிக்கிறது. அதற்கும் நான் வண்டியைக் குற்றம் சொல்ல முடியாது, கண்ணாடியில் நான் ஒட்டியிருந்த வசனம் அப்படி.

அந்த வசனக் கதையை உனக்கு ஒருமுறை போனில் சொன்னேன், இப்போது முழுசாகச் சொல்கிறேன், இங்கேதான் விஷயமே இருக்கிறது. புது வருஷ ஆராதனையில் தட்டு நிறைய வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்து ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்வார்களே, வருஷம் முழுவதும் அதுதான் நமக்கு ஆண்டவர் கொடுத்த வார்த்தை என்று வைத்துக்கொள்வோமே, ஊரில் இல்லாதவர்களுக்கு வீட்டார் எடுப்பதும் வழக்கம். அம்மா தனக்கு ஒன்று எடுத்தாள், நான் எனக்கு ஒன்று எடுத்தேன், உனக்கு ஒன்று எடுத்தேன், எடுத்ததும் அம்மா அதன் முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் உன் பெயரை எழுதிக் கையில் கொடுத்தாள். அத்தோடு நான் வந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்கிறதா, இன்னொன்று எடுத்துக்கொள்ளட்டுமா என்று பாஸ்டர் ஜெயபிரகாஷ் ஐயாவிடம் கேட்டேன். யாருக்கு என்றார். வண்டிக்கு என்றேன். வண்டிக்கெல்லாம் எடுக்கிறது இல்லையே தனபால் என்றார். வண்டியும் எங்க ஊட்டு ஆளுதானுங்க ஐயா என்று சொல்லிவிட்டு எடுத்தேவிட்டேன். சபையே சிரித்தது. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் என் அட்டையை வீட்டில் வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு, லோடு ஏற்றப் போகிற அவசரத்தில் சட்டைப்பையில் இருந்த மற்ற இரண்டு அட்டைகளை வண்டிக்குள் உட்கார்ந்தபடியே வாசித்துப் பார்த்தேன். ஒன்றில் உன் போக்கையும் வரத்தையும் நான் காப்பேன் என்பது போல ஆண்டவர் சொல்லியிருந்தார். இன்னொன்றில் உன் வாயை நன்றாகத் திற, நான் அதை நிரப்புகிறேன் என்று இருந்தது. போக்கும் வரத்தும் என்றால் ரயிலில் போகிற மகளுக்குத்தானே? வாயைத் திற நிரப்புகிறேன் என்றால் டீசல் டேங்க்குக்குத்தானே? இப்படி அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும்போது எவனாவது முதுகைத் திருப்பிப் பார்ப்பானா? முதலாவதைக் கவரில் போட்டு உனக்கு அனுப்பினேன், இரண்டாவதைக் கண்ணாடியில் பசை தடவி எனக்குத் தெரிகிற மாதிரி உள்பக்கமாக ஒட்டினேன்.

அந்த அட்டை இங்கே சும்மா இருந்ததாக நினைக்காதே. பண்ணையில் முட்டை அடுக்குகிற பாப்பாயி அக்கா, பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர், நம் சபையும் இல்லை, மாரியம்மனுக்கு வருஷா வருஷம் தீச்சட்டி எடுக்கிறவர், ஒருநாள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன். வாயைத் திறக்க வேண்டியது நாமளா என்றார். ஆமாம் அக்கா, நிரப்புவது மட்டும்தான் அவர் வேலை என்றேன். இரண்டு நாள் ட்ரேயை அடுக்கிக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் நேராகப் பண்ணை முதலாளி சுவாமிநாதன் கார் கதவைத் திறந்து இறங்குவதற்குள் எதிரில் போய் நின்று, தகரக் கொட்டகையில் வேர்த்துச் சாகிறோம், ஃபேன் போடுங்க என்று கேட்டுவிட்டார். பன்னிரண்டு வருஷமாக ஒருத்தரும் கேட்காதது. அவர் அசந்துபோய் இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்றாராம். இப்போது இரண்டு ஃபேன் ஓடுகிறது. என் வண்டி உள்ளே நுழைந்தால் பாப்பாயி அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் லோடு ஏற்ற விடுகிறார்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். டிசம்பரில் நீ அழுது பேசியது என் காதிலேயே இருந்தது. சிக்னல் தெரிந்ததும் உதவி ஓட்டுநரான நான் அதன் நிறத்தைச் சத்தமாகச் சொல்லவேண்டும், மூத்த ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும், எனக்குச் சத்தமே வரவில்லை அப்பா, அவர் மூன்று முறை கேட்கிறார், நான் இந்த வேலைக்கு லாயக்கே இல்லை, ராஜினாமா எழுதிவிட்டேன், தை முடிந்ததும் கொடுத்துவிட்டு ஊருக்கு வாரேன் என்றாய். நான் தைரியமாக இரு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேனே தவிர எனக்கு உள்ளுக்குள் தெரியும் தமிழினி. ஜேடர்பாளையத்தில் காவிரிக்குள் நின்று நீ ஞானஸ்நானம் எடுத்தபோது விசுவாசிக்கிறாயா என்று பாஸ்டரும் மூன்று முறை கேட்டார், நீ சொன்ன ஆம் கரையில் நின்ற எங்களுக்குக் கேட்கவே இல்லை, மீனுக்குக் கேட்டிருக்கும். பாட்டுக் குழுவில் நான்கு வருஷம் நின்று வாயை மட்டும் அசைத்தாய், அதுவும் எனக்குத் தெரியும். தறி ஓடுகிற வீட்டில் நீ சின்ன வயதில் ஏதாவது சொல்ல வருவாய், அம்மாவுக்குக் கேட்காது, நான் ஊரிலேயே இருக்கமாட்டேன், இருந்தால் தூங்குவேன். கேட்காதவர்களிடம் எத்தனை முறைதான் சொல்வது என்று நீயே சத்தத்தைக் குறைத்துக்கொண்டாய். உன் குரல் சின்னது இல்லை, நாங்கள் காதைக் கொடுக்கவில்லை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் போன செவ்வாய்க்கிழமை நீ போன் பண்ணியபோது! நான் அப்போது பேக்கரி வாசலில் முப்பது ட்ரேயை இறக்கிக்கொண்டிருந்தேன். காலைப் பனியில் ஒன்றும் தெரியாமல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது சிக்னலை முதலில் பார்த்தது நீதான் என்றும், அடிவயிற்றிலிருந்து கத்தினாய் என்றும், மூத்த ஓட்டுநர் திருப்பிச் சொல்லிவிட்டு வண்டியை அழகாகக் கொண்டுபோய் நிறுத்தினார் என்றும், பிறகு தன் டிபன் டப்பாவைத் திறந்து உனக்குப் பாதி ரொட்டி கொடுத்து, பெண்ணே உன் சத்தம் இந்தச் சரக்கு ரயிலின் ஐம்பத்தெட்டாவது பெட்டி வரைக்கும் கேட்டிருக்கும் என்றார் என்றும் சொன்னாய். ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன் அப்பா என்றாய். நான் பேக்கரிக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் கையில் இருந்த ட்ரே போய்விட்டது, முப்பது முட்டை, அவரோ சந்தோஷத்தில் ஒரு கேக்கையும் கொடுத்து அனுப்பினார். பேச்சோடு பேச்சாக நீ இன்னொன்றும் சொன்னாய். எல்லாம் நீங்கள் அனுப்பிய அட்டைதான் அப்பா, அது சட்டைப்பையில் இருக்கிறவரைக்கும் எனக்குப் பயமில்லை, அது இல்லாமல் இன்ஜினில் ஏறமாட்டேன், இருபதாம் தேதி அதிகாரி கூட ஏறி வந்து என் வேலையைப் பார்த்து எழுதப்போகிறார், அன்றைக்கும் அதைத் தொட்டுக்கொண்டே இருப்பேன் என்றாய். எனக்கு அப்போது அதுவும் இனிப்பாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். உன் அப்பனைத்தான் தெரியுமே, ஐந்து நிமிஷம் என்று மைக்கைக் கொடுத்தார்கள், இருபத்தைந்து நிமிஷம் பேசினேன். முதலில் ஒரு சிக்னலைப் பார்த்தாய், பத்து நிமிஷத்தில் அது மூன்று சிக்னலாகிவிட்டது, முடிக்கும்போது நீ ரயிலைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டாய். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து இருமி இருமிப் பார்த்தாள். ஆண்டவர் என் மகளுக்கென்று எடுத்துக்கொடுத்த அந்த ஒரே வசனம் என்று சொல்லி உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஐயா வெளியே வந்து, அந்தப் பிரபல வண்டிக்கும் ஒரு ஜெபம் பண்ணிவிடுவோம் என்று வண்டிக்கு முன்னால் போய் நின்றார். கண்ணை மூடவேண்டியவர் கண்ணாடியையே உற்றுப் பார்த்தார்.

"தனபால், வண்டிக்கு என்ன, தமிழினின்னா பேரு வெச்சிருக்கீங்க?"

நான் போய்ப் பார்த்தேன். வண்டிக்குள் உட்கார்ந்தால் வசனம் தெரியும். வெளியே நின்றால் அட்டையின் முதுகு தெரியும். முதுகில் உன் அம்மாவின் கோணல் எழுத்தில் தமிழினி. ஒரு மாதமாக உன் அட்டையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வண்டி ஓடியிருக்கிறது, வண்டியின் அட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நீ ஓடியிருக்கிறாய். பாப்பாயி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, பாலக்காட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது, உன் அம்மாவுக்குத் தூரத்து எழுத்துத் தெரியாது, எனக்கு எல்லாம் தெரியும் என்பதால் நான் பார்க்கவில்லை. இருபத்தைந்து நிமிஷம் நான் சொன்ன சாட்சி ஒரு மினி லாரியின் வாக்குத்தத்தத்தைப் பற்றி! பாஸ்டர் ஐயா பானட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியில்தான் நீ கடைசியாகச் சொன்னது ஞாபகம் வந்து வண்டியை ஓரம் கட்டினேன். அது இல்லாமல் ஏறமாட்டேன் என்றாயே. அது உனக்கு எடுத்ததே இல்லை என்று தெரிந்தால் திரும்பவும் உன் சத்தம் போய்விடுமா, இருபதாம் தேதி அந்த அதிகாரி முன்னால் ஊமையாக நிற்பாயா, திரும்ப ஒரு ராஜினாமா எழுதுவாயா?

"ஏனுங்க, இருபதாந்தேதி வரைக்கும் நீங்க வாயத் தொறந்தீங்கன்னா பாருங்க" என்றாள் உன் அம்மா. நானும் சரி என்றேன். ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. என் தாத்தா கையில் கட்டியிருந்த தாயத்தைத் தானே அவிழ்த்துப் போட்டுவிட்டு ஆண்டவரிடம் வந்தவர், அவர் பேரன் நான் என் மகளுக்கு அட்டையில் தாயத்துச் செய்து அனுப்பியிருக்கிறேன். வேர்வையில் அது கிழிந்தால் என்ன செய்வாய், சலவைக்குப் போன சட்டையில் அது கரைந்துபோனால் என்ன செய்வாய்? காகிதம் இருந்தால் தைரியம், காகிதம் போனால் பயம் என்றால் நீ நம்புகிறது யாரை? இப்படி நானே எனக்குப் பிரசங்கம் பண்ணிக்கொண்டு மூன்று நாள் சோறு தண்ணீர் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். சரி, தண்ணீர் இறங்கியது, கேக்கும் கொஞ்சம் இறங்கியது.

நேற்று மத்தியானம் அம்மா தறியிலிருந்து சாப்பிட வந்து, இலையில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். எப்போதும் கத்துகிறவள் அன்றைக்கு மெதுவாகத்தான் சொன்னாள், அதனால்தான் எனக்கு நன்றாகக் கேட்டது.

"அட்டை வண்டியில இருந்துச்சு, செரி. அங்க புள்ள வாயத் தொறந்தாளே, அத ஆருங்க நெரப்புனது?"

தமிழினி, நான் அப்போதே கவர் வாங்க ஓடினேன். இப்போது அந்தப் பொருளைப் பிரித்துப் பார். உனக்கென்று எடுத்த அட்டை அது. பார்த்தாயா? வாயைத் திற என்று போட்டிருக்கிறதா? இதை நீ ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை, கையால் தொட்டதில்லை, நீ அங்கே பனிக்குள் வாயைத் திறந்து கத்தியபோது இது இங்கே வெயிலில் கண்ணாடியில் ஒட்டிக்கிடந்தது. நான் விலாசத்தை மாற்றிவிட்டேன், அவர் மாற்றவில்லை. அட்டையே வராமல் வார்த்தை உன்னிடம் வந்துவிட்டதே சாமி, இனிமேல் உனக்கு அட்டை எதற்கு? நேற்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை, அம்மா இரண்டு முறை இந்த மனுஷனுக்குச் சர்க்கரை ஏறிவிட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டாள், சர்க்கரைக்கு நெற்றியைத் தொடுவார்களா?

ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. முதன்முதலாக ரிக் லாரியைத் தொப்பூர் கணவாயில் நானே ஓட்டி இறக்கியபோது கீழே போய்ச் சேருவேன் என்றே நினைக்கவில்லை. பயத்தில் பாட்டுப் புத்தகத்தில் எனக்குத் தெரிந்த பாட்டு அத்தனையும் தொண்டை கிழியப் பாடிக்கொண்டே இறக்கினேன். பக்கத்தில் இருந்த ஆள் பிரேக் பிடிக்கவில்லை என்று நினைத்துக் கதவைத் திறந்து குதிக்கத் தயாராகிவிட்டார். பயம் போன பிறகு நான் இறங்கவில்லை, இறங்கி முடித்த பிறகுதான் பயம் போயிற்று. அதற்கப்புறம் எத்தனையோ முறை இறங்கினேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பயம் கூடவே வந்தது, நான் அதைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு ஓட்டினேன். உனக்கும் வரும். வந்தால் நீ லாயக்கில்லை என்று அர்த்தம் இல்லை.

ஆகையால் இருபதாம் தேதி இந்த இரண்டு அட்டையையும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெறும் சட்டைப்பையோடு இன்ஜினில் ஏறு. முடியாது என்று தோன்றினால் இதைக் கேள். திங்கட்கிழமை அட்டையைப் பிய்த்து வைத்துவிட்டு நான் வெறும் கண்ணாடியோடு பாலக்காட்டுக்குப் போய்வந்தேன். வாளையாறு தாண்டும்போது என் கண் பழக்கத்தில் அட்டை இருந்த இடத்தைத் தேடியது. பசைத் தடம் மட்டும் இருந்தது, அதற்குப் பின்னால் ரோடு நன்றாகத் தெரிந்தது. போக்கும் வரத்தும் ஒரு குறையும் இல்லை. ஒன்பது முட்டை உடைந்தது, அது எப்போதும் உடைகிறதுதான். அடுத்த ஞாயிறு நான் திரும்ப மைக்கை வாங்கி உண்மையைச் சொல்லப்போகிறேன், பாஸ்டர் ஐயா இந்த முறை கடிகாரத்தோடு உட்காரப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன்னை உண்டாக்கினவர் உன் தலைக்கு மேலேயும் தண்டவாளத்துக்குக் கீழேயும் தம் கையை வைத்திருப்பாராக. அதிகாரி முன்னால் உன் நாவு தடுமாறாமல் இருப்பதாக. பாதி ரொட்டி கொடுத்த அந்த நல்ல மனுஷன் வீடு நிறைந்திருப்பதாக. வேளைக்குச் சாப்பிடு, பனியில் காதை மூடிக்கொள், வாயை மட்டும் மூடாதே. அட்டையின் ஓரத்தில் மஞ்சளாக இருப்பது முட்டை, பயப்படாதே, நாற்றம் வந்தால் ஜன்னலில் காயவை. இருபதாம் தேதி சாயங்காலம் போன் பண்ண மறக்காதே. அன்றைக்கு உன் அம்மா தறிக்குப் போகவில்லையாம், வீடு அமைதியாக இருக்கவேண்டுமாம், நீ எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் தனக்குக் கேட்கவேண்டுமாம்.

இப்படிக்கு,
காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா தனபால்,
பக்கத்தில் அம்மா சௌந்திரம்.